சைலேஜ் ஏன் கெட்டது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலைகளின் அரவைப் பருவத்தில் வயலில் வெட்டிப் போடப்படும் கரும்புக் கொழுந்தாடை, விருத்தாசலம் பக்கத்து மக்காச்சோளத் தட்டை, சித்திரை தொடங்கிப் பண்ருட்டியில் குவியும் பலாச் சக்கை, சம்பா அறுவடைக்குப் பின் கிடைக்கும் வைக்கோல், மணிலா என்னும் நிலக்கடலையின் கொடி, கறிக்கோழிப் பண்ணைகளின் ஆழ்கூள எரு (தரையில் பரப்பிய கூளமும் கோழி எச்சமும் கலந்தது) ஆகிய எல்லாவற்றையும் தனியாகவோ கலந்தோ காற்றுப்புகாமல் மூடிப் புளிக்கவைத்து, சைலேஜ் என்னும் தீவனமாக்க முடியும். ஆனால் ஒவ்வொன்றும் கெடும் விதம் வேறு. செய்முறை தெரிந்து, காற்றுப்புகாமல் மூடியதாக நம்பி, திறந்தபோது ஏமாந்தவர்களுக்காகவே இது எழுதப்படுகிறது. அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்துக்குப் போவதே எளிய வழி; ஏனெனில் மூக்கும் கையும் சொல்வதைப் பெரும்பாலும் நம்பலாம்.

முதலில் நல்ல சரக்கு எப்படி இருக்கும் என்பதை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். மக்காச்சோளம் அல்லது கம்பு நேப்பியர் சைலேஜ் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், இலையும் தண்டும் பிரித்தறியும்படி, மூக்கை உறுத்தாத புளிப்பு வாசனையுடன் இருக்கும். அதன் பி.எச். அளவு (புளிப்பைக் காட்டும் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3.8 முதல் 4.2 வரை நிற்கும். பயிரில் உள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றும் நுண்ணுயிரிகள் காற்றில்லாத இடத்தில் பெருகி அமிலத்தை இந்த அளவுக்கு ஏற்றிவிட்டால், மற்றக் கிருமிகள் அங்கே வாழ முடியாது. மூட்டம் திறக்கப்படாத வரை தீவனம் மாதக்கணக்கில் கெடாது. ஆகவே எந்தப் பிழையானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான்: ஈரம் சரியாக இருந்ததா, காற்று வெளியேறியதா, சர்க்கரை போதுமானதாக இருந்ததா. இதே வரிசையில் கேட்பது நல்லது. நம் பகுதியில் பத்தில் ஏழெட்டுக் கேடுகள் முதல் கேள்வியிலேயே பிடிபட்டுவிடும் என்பது என் எண்ணம்.

சோதனைக்கு மேல்பரப்பிலிருந்து மாதிரி எடுக்கக் கூடாது. ஓரடி உள்ளே கையை விட்டு ஒரு கைப்பிடி எடுத்து, கொதிக்கவைத்து ஆறவிட்ட நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, அந்த நீரில் பி.எச். தாளை நனைத்தால் போதும். ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் இந்தத் தாள் கிடைக்கும்.

சிக்கு வாடை அடிக்கிறது, கையில் பிசுபிசுக்கிறது

கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றமும், கழுவினாலும் விரலை விட்டுப் போகாத பிசுபிசுப்பும், கரும்பச்சை நிறமும் சேர்ந்து வந்தால், லாக்டிக் அமிலத்துக்குப் பதிலாகப் பியூட்ரிக் அமிலம் உருவாகியிருக்கிறது. இதைச் செய்பவை கிளாஸ்டிரிடியம் வகைக் கிருமிகள். அவை மண்ணில் வாழ்பவை. ஈரம் மிகுந்த, அமிலம் போதாத சரக்கில்தான் பெருகும். அவை புரதத்தையும் சிதைப்பதால் சத்து குறைகிறது. மாடும் தின்னத் தயங்கும். பி.எச். தாள் 5-க்கு மேல் காட்டும்.

காரணம் பெரும்பாலும் தண்ணீர். கோ 5 போன்ற கம்பு நேப்பியர் புல்லை வெட்டிய உடனே நறுக்கிப் பையில் அடைத்தால், அதில் 80 சதவீதம் நீர்தான் இருக்கும். சைலேஜுக்கு 65 முதல் 70 சதவீதம் ஈரம் போதும். 100 கிலோ பச்சைப் புல் வெயிலில் வாடி ஏறத்தாழ 67 கிலோவாக இறங்கும்போதுதான் ஈரம் 70 சதவீதத்துக்கு வரும். அதாவது எடையில் மூன்றில் ஒரு பங்கு போக வேண்டும். பங்குனி வெயிலில் இது எளிது. ஐப்பசி, கார்த்திகையில் நடவாத காரியம். மழைக்காலத்தில் வெயிலுக்குக் காத்திருந்து புல்லை மட்கவிடுவதைவிட, 100 கிலோ பச்சைப் புல்லுக்கு 15 முதல் 17 கிலோ நறுக்கிய உலர் வைக்கோலைச் சேர்த்துக் கலந்தால் அதே ஈரநிலை கிடைத்துவிடும். வைக்கோலை அடியில் மட்டும் பரப்பினால் வடியும் சாற்றை அது உறிஞ்சுமே தவிர, மேலே உள்ள புல்லின் ஈரம் குறையாது. ஆகவே அடுக்காக அல்லாமல் கலவையாகவே சேர்க்க வேண்டும்.

ஈரத்தைக் கையாலேயே அறியலாம். நறுக்கிய புல்லை உருண்டையாக அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துக் கையைத் திறக்க வேண்டும். விரலிடுக்கில் நீர் சொட்டினால் ஈரம் மிக அதிகம். உருண்டை கலையாமல் நின்று உள்ளங்கை நனைந்திருந்தால் எல்லையில் இருக்கிறது. உருண்டை மெல்ல விரிந்து உள்ளங்கை இலேசாக மட்டும் ஈரமாக இருந்தால் அடைக்கலாம். உடனே உதிர்ந்தால் காய்ந்துவிட்டது.

ஈரம் சரியாக இருந்தும் இந்த நாற்றம் வந்தால் மண்ணைச் சந்தேகிக்க வேண்டும். அறுவடை இயந்திரம் விட்டுப்போன வைக்கோலைச் சேறோடு வாரியதும், களத்துத் தரையில் புல்லைக் கொட்டி மண்வெட்டியால் அள்ளியதும், டிராக்டர் சக்கரத்தில் ஒட்டிய சேறோடு குழியை மிதித்ததும் வழக்கமான வழிகள். மணிலாக் கொடிக்கு இன்னொரு சிக்கல் உண்டு: வேரோடு மண்ணும் வரும், பயறு வகையானதால் அமிலத்தை எதிர்த்து நிற்கும் தன்மையும் அதற்கு அதிகம். அதைத் தனியாகப் புளிக்கவைக்காமல், உதறி, வேரை நீக்கி, மக்காச்சோளத் தட்டையோடு மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் கலப்பதே நல்லது.

சிக்கு வாடை ஏறிய சரக்கைத் திருத்த முடியாது. வெல்லத்தைக் கரைத்து ஊற்றி மீண்டும் மூடுவது வெல்லத்துக்குத்தான் கேடு.

பூஞ்சணம் பிடித்திருக்கிறது

எங்கே பிடித்திருக்கிறது என்பதைப் பார்த்தால் காரணம் தெரியும். மேலே ஒரு விரல் தடிமனுக்குப் படலமாக இருந்தால், மூடிய பாலித்தீன் தாளுக்கும் புல்லுக்கும் இடையே காற்று நின்றிருக்கிறது. தாளின் மேல் மண் மூட்டையோ பழைய டயரோ நெருக்கமாக வைக்கப்படவில்லை. ஓரங்களில் மட்டும் இருந்தால் சுவரோரம் மிதிபடவில்லை. நடுவில் திட்டுத்திட்டாக இருந்தால் நறுக்கு நீளம் அதிகம், அல்லது நிரப்பும் வேலை இடையில் நின்று மறுநாள் தொடர்ந்திருக்கிறது. பையில் ஓரிடத்தில் மட்டும் கூம்பு வடிவில் உள்நோக்கிப் பரவியிருந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது; எலி, காக்கை, கோழி மூன்றையும் விசாரிக்க வேண்டும்.

தட்டையை 2 முதல் 3 செ.மீ. நீளத்துக்கு நறுக்கினால்தான் இடையிலுள்ள காற்று வெளியேறும். குழியை ஒரு கை உயரத்துக்கு ஒரு அடுக்காக நிரப்பி ஒவ்வொன்றையும் மிதித்து, அன்றைக்கே மூடிவிட வேண்டும்.

பூஞ்சணம் கண்ட பகுதியை, அதைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு நல்லதாகத் தெரிவதையும் சேர்த்து அகற்ற வேண்டும். 'மாடுதானே, கொஞ்சம் கலந்து போட்டால் தின்றுவிடும்' என்ற பேச்சு நம்மிடம் உண்டு. தின்னும் என்பது உண்மை. பாலில் என்ன வரும் என்பதே கேள்வி. தீவனப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்ஸின் பி1 என்னும் நஞ்சு மாட்டின் உடலில் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்குகிறது, காய்ச்சினாலும் அழிவதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதி ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. கெட்டதை நல்லதோடு கலப்பது நஞ்சை நீக்குவதாகாது. எல்லா மாட்டுக்கும் பங்கிட்டுத் தருவதாகும்.

திறந்த மறுநாளே சூடாகிறது

மூடியிருந்தவரை நன்றாக இருந்து, திறந்த பின் வெதுவெதுப்பாகி, இரண்டாம் மூன்றாம் நாளில் வாசனை மாறுவது கடலோரப் பகுதியில் அடிக்கடி வரும் தலைவலி. காற்றுப் பட்டவுடன் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரி விழித்துக்கொண்டு லாக்டிக் அமிலத்தையே தின்கிறது. அமிலம் குறைந்ததும் பூஞ்சணம் வருகிறது. வெப்பமும் புழுக்கமும் உள்ள ஊரில் இது வேகமாக நடக்கும். இதற்குத் தீர்வு மருந்தில் இல்லை, அளவில் இருக்கிறது: திறந்த முகப்பிலிருந்து தினமும் 15 செ.மீ. ஆழமாவது வெட்டி எடுத்துவிட வேண்டும்.

இரண்டு மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் உயரமும் உள்ள குழிமுகத்தில் 15 செ.மீ. எடுத்தால் அது 0.45 கன மீட்டர். சுமாராக மிதித்த சரக்கு கன மீட்டருக்கு 500 கிலோ என்று கொண்டாலும் நாளொன்றுக்கு 225 கிலோ ஆகிறது. மாட்டுக்கு 15 கிலோ வீதம் 15 மாடுகள் இருந்தால்தான் இந்தக் குழி பொருந்தும். இரண்டு, மூன்று மாடு வைத்திருப்பவர் குழி தோண்டுவதே பிழை. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் ஏறத்தாழ 100 கிலோ கொள்ளும். இரண்டு மாட்டுக்கு மூன்று நாளில் தீர்ந்துவிடும், சூடாக நேரமே இராது. இறுகக் கட்டிய 50 கிலோ பை இன்னும் வசதி. பாகூர், காட்டுமன்னார்கோயில் போன்ற இடங்களில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலத்தடி நீர் மேலேறிக் குழிக்குள் ஊறும். ஆகவே அங்கே மாடு எத்தனை இருந்தாலும் தரைக்குமேல் வைப்பதே சரி.

இன்னொரு வகைச் சூடு, மூடிய முதல் வாரத்திலேயே வருவது. புல் மிகவும் காய்ந்திருந்தோ, மிதிபடாமலோ இருந்தால் உள்ளே நின்ற காற்றைக் கொண்டு செடியின் செல்களே மூச்சுவிட்டு வெப்பத்தை உண்டாக்குகின்றன. 50 டிகிரி செல்சியசைத் தாண்டினால் சரக்கு பழுப்பாகிப் புகையிலை நிறமும் பாகு காய்ச்சிய மணமும் கொள்கிறது. இதில் ஒரு சூது இருக்கிறது: மாடு இதை விரும்பித் தின்னும். ஆனால் புரதம் சர்க்கரையோடு பிணைந்துபோனதால் பெரும்பகுதி செரிக்காமல் சாணத்தில் போய்விடும். நஞ்சு இல்லை, வைக்கோலுக்கு நிகராக மதித்துப் பிண்ணாக்கைக் கூட்டிக் கொடுத்துத் தீர்த்துவிடலாம்.

கள் வாடை வருகிறது

கொழுந்தாடையிலும் பலாச் சக்கையிலும் இதை எதிர்பார்க்கலாம். சர்க்கரை மிகுந்த பொருளில் ஈஸ்ட் முந்திக்கொண்டு அதைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. பை உப்பி நிற்பதும் இதனால்தான். புளிப்பு நன்றாக இருந்தாலும் சத்து காற்றில் போயிருக்கும். இந்த இரண்டுக்கும் வெல்லம் சேர்ப்பது தேவையற்ற செலவு. செய்முறைத் தாளில் எழுதியிருக்கிறதே என்று ஊற்றுபவர்கள் ஈஸ்டுக்குத்தான் விருந்து வைக்கிறார்கள்.

கொழுந்தாடைக்கு, 100 கிலோவுக்கு அரை கிலோ யூரியாவை நீரில் முழுதாகக் கரைத்துச் சீராகத் தெளித்தால் ஈஸ்ட் அடங்கும், புரதமும் சற்றுக் கூடும். இதில் 15 கிலோ தின்னும் மாட்டுக்கு 75 கிராம் யூரியா சேரும் என்பதை மறக்கலாகாது. அந்த மாட்டுக்கு யூரியா கலந்த வேறு தீவனமோ நக்குக் கட்டியோ கொடுக்கக் கூடாது. பலாச் சக்கையில் 80 சதவீதத்துக்குக் குறையாத நீர் இருப்பதால் அதற்கு வேறு வழி: 80 கிலோ சக்கைக்கு 20 கிலோ நறுக்கிய வைக்கோல். ஈரமும் இறங்கும், தனியாக நின்றால் புளிக்காத வைக்கோலுக்குச் சர்க்கரையும் கிடைக்கும்.

புளிக்கவே இல்லை; வைத்தபடியே இருக்கிறது

பெரும்பாலும் வைக்கோல். அதில் நீர் பத்துச் சதவீதம்தான். கரையும் சர்க்கரை மிகக் குறைவு. மோரையோ நுண்ணுயிர்க் கரைசலையோ தெளித்தால் புளித்துவிடும் என்பது ஆசைதான்; கிருமிக்கு இங்கே பஞ்சமில்லை, அது தின்ன எதுவும் இல்லை என்பதே சிக்கல். வைக்கோலை மட்டும் வைத்திருப்பவருக்கு யூரியா முறையே தகும்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் நீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப்புகாமல் 21 நாள் மூடிவைக்க வேண்டும். யூரியா அம்மோனியாவாக மாறி வைக்கோலின் நாரை இளக்கும். இது புளிப்பு ஏறும் முறை அன்று. காரம் ஏறும் முறை.

அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கிறது

யூரியா வைக்கோலானால் நெடி இருப்பதுதான் சரி. கொடுப்பதற்குச் சில மணி நேரம் முன்பே எடுத்து நிழலில் பரப்பிவிட்டால் போதும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கொடுக்கக் கூடாது.

கோழி எரு கலந்த சைலேஜில் இந்த நெடி வந்தால் பொருள் வேறு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆழ்கூள எருவின் உலர் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதக் கணக்கு வரும். ஆனால் அதில் பெரும்பங்கு உண்மைப் புரதம் அன்று, யூரிக் அமிலம் முதலியவற்றில் உள்ள நைட்ரஜன். அதை அசைபோடும் விலங்குகளின் முதல் வயிற்றுக் கிருமிகள் மட்டுமே பயன்படுத்த முடியும். எருவில் சாம்பல் சத்தும் கால்சியமும் மிகுதி. உருவாகும் அமிலத்தை அவை விழுங்கிக்கொள்வதால் பி.எச். எளிதில் இறங்காது. எரு மட்டும் அடைக்கப்பட்டாலோ, கலவையில் அதன் பங்கு கூடினாலோ அமிலம் தோற்று அம்மோனியா வெல்லும். நறுக்கிய பச்சை மக்காச்சோளத்தோடு, மொத்த உலர் எடையில் எருவின் பங்கு 30 சதவீதத்துக்கு மேற்படாமல் கலப்பதே பாதுகாப்பான எல்லை. கூண்டுக் கோழி எரு இதற்கு உதவாது. உமி பரப்பிய கூளமானால் செரிக்காத மணற்சத்தே அதிகம் வரும். நம் பகுதியில் உமிதான் மிகுதி என்பதால் இந்தக் கணக்கில் கிடைக்கும் இலாபம் பலர் நினைப்பதைவிடச் சிறிது. இத்தகைய கலவையில் யூரியா சேர்க்கவே கூடாது.

கூளத்தில் செத்த கோழி ஒன்று கிடந்தாலும் அந்தக் குவியல் முழுவதையும் விட்டுவிட வேண்டும். செத்த உடலில் உண்டாகும் பாட்டுலிசம் நஞ்சு மாட்டைப் படுக்கவைத்துக் கொன்றுவிடும். ஆணி, கம்பி, கண்ணாடி இருக்கிறதா என்று சலித்துப் பார்க்க வேண்டும். கோழித் தீவனத்தின் தாமிரம் எருவில் தங்குவதால் செம்மறியாட்டுக்குக் கொடுக்கக் கூடாது. இரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கோழிக்குத் தரப்படும் மோனென்சின் போன்ற மருந்துகள் குதிரைக்கு உயிர்க்கேடு. பாலில் மருந்தெச்சம் வரக்கூடும் என்பதால் கறவை மாட்டுக்கும் வேண்டாம். இறைச்சிக்கு அனுப்பும் விலங்குகளுக்கு மூன்று வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் கழிவையும் சிறுநீரையும் தீவனமாக்குவதையே தடைசெய்திருக்கிறது. இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது பால் வற்றிய மாடும் கிடேரியும் எருதும்தான். கறவைக்காகவே மாடு வைத்திருப்பவர், எருவை வயலுக்கும் தட்டையை மாட்டுக்கும் என்று பிரித்துவிடுவது மேல். மாட்டுச் சாணத்தில் சத்து இதைவிடக் குறைவு, நார் அதிகம். அது சாண எரிவாயுக் கலனுக்குப் போகட்டும்.

தின்ற பின் மாட்டுக்கு ஏதோ ஆகிறது

முதல் நாளே 15 கிலோ போட்டதால் சாணம் இளகுவது தீவனம் கெட்டதன் அறிகுறியன்று. 4, 5 கிலோவில் தொடங்கிப் பத்து நாளில் முழு அளவுக்கு ஏற்ற வேண்டும். பாலில் சைலேஜ் வாசனை வந்தால் கறவைக்கு முன் கொடுப்பதை நிறுத்திக் கறந்த பின் கொடுத்தால் போய்விடும்.

யூரியா சேர்ந்த தீவனத்தைத் தின்ற அரைமணி, ஒரு மணி நேரத்தில் நுரை தள்ளி, உடல் நடுங்கி, வயிறு உப்பினால், அது யூரியா கரையாமல் ஓரிடத்தில் குவிந்ததன் விளைவு. மருத்துவர் வரும்வரை குளிர்ந்த நீரும் வினிகரும் புரையேறாமல் புகட்டலாம். ஆடு ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து வட்டமடித்தால், பி.எச். இறங்காத சைலேஜில் பெருகும் லிஸ்டீரியா கிருமியை நினைக்க வேண்டும். தீவனத்தை அன்றே நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும். புதுச்சேரி குரும்பாப்பட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும், கடலூரில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி ஆராய்ச்சி மையமும் அருகில் இருப்பவர்கள் ஆலோசனை கேட்கத் தக்க இடங்கள்.

குழியோரம் பழுப்பு மஞ்சள் புகை

இது தீவனத்தின் பிழைக்கு முன்பே மனிதனின் உயிர்ப்பிரச்சினை. வறட்சியில் வாடி, மழை பெய்தவுடன் அறுக்கப்பட்ட, யூரியா மிகுதியாக இட்ட மக்காச்சோளத்திலும் சோளத்திலும் நைட்ரேட் தேங்கியிருக்கும். மூடிய முதல் சில நாள்களில் அதிலிருந்து நைட்ரஜன் டை ஆக்சைடு வெளிவரும். காற்றைவிடக் கனமானதால் தாழ்ந்து படியும், வெளுக்கும் தூளின் நெடி அடிக்கும். கண்ணுக்குத் தெரியாத கரியமில வாயுவும் ஆழமான குழியில் நிற்கும். மூன்று வாரம் வரை குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது. குழந்தைகளையும் கன்றுகளையும் அண்டவிடக் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் அவரைத் தூக்கப் பின்னாலேயே இறங்குவது இரண்டாவது உயிரையும் கொண்டுபோகும். கயிறு போட்டு வெளியிலிருந்தே இழுத்து, உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

கழித்துப்போட வேண்டிய சரக்கை எருக்குழியில் சாணத்தோடு அடுக்கி மட்கவிடலாம். அதை மாடு மேயும் வரப்பிலோ கோழி கிளறும் இடத்திலோ கொட்டக் கூடாது; வாரும்போது பூஞ்சணத் தூள் நெஞ்சுக்குள் போகாமல் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும்.